நெருப்பை எந்த வயதில், யாரிடம் கற்றுக்கொள்கிறோம்?

செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்து, இப்போது கெப்போங் பக்கம் குடியிருக்கும் ஒரு தாயின் கேள்விக்கான பதில் இது. சிலாங்கூர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவருடைய அம்மா, சாம்பிராணிக் கரண்டியிலிருந்து விழுந்த கங்கை வெறும் விரலால் எடுத்துத் திரும்பப் போடுகிறார். மகளான இவருக்கு முப்பது வயதைத் தாண்டியும் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும்போது கை பின்வாங்குகிறது. ஏழு வயதுப் பேரனோ லைட்டரை எங்கே ஒளித்து வைத்தாலும் தேடி எடுத்துவிடுகிறான். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் நெருப்பை இப்படி மூன்று விதமாகப் பார்ப்பது பிறவிக் குணமா, வளர்ந்த விதமா, மகனை என்ன செய்வது என்று அவர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் வளர்ந்த விதம்தான். அதிலும், பலர் நினைப்பதுபோல் சிறு வயதில் சுட்டுக்கொண்டோமா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். ஏறத்தாழ ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை நெருப்பைக் கொண்டு நாம் ஏதாவது வேலை செய்தோமா, செய்யும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் முதன்மையானது. கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில், பிள்ளைகளிடம் நான் கண்டதையும் ஆய்வாளர்கள் எழுதியதையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

முதலில் பிறவியைப் பற்றி. தோலின் வெப்பம் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வலி தொடங்குகிறது. கை தானாகப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. இந்த அனிச்சைச் செயல் குழந்தைக்குப் பிறக்கும்போதே இருக்கிறது. ஆனால், நெருப்பைக் கண்ணால் கண்டு அஞ்சும் குணம் பிறக்கும்போது இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் ஒரு கைக்குழந்தைக்குச் செயற்கையாக அச்சத்தை ஊட்டிப் பார்த்த பரிசோதனை 1920-இல் வெளியானது. இன்று எந்த அறநெறிக் குழுவும் அதை அனுமதிக்காது. இருந்தாலும் அதன் தொடக்கப் பகுதி நமக்குப் பயன்படும். அச்சமூட்டத் தொடங்குமுன், ஏறத்தாழ ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது, வெள்ளெலி, முயல், நாய், குரங்கு ஆகியவற்றோடு எரியும் செய்தித்தாளையும் அதன் முன் காட்டினார்கள். குழந்தை எதற்கும் அஞ்சவில்லை. ஒரே ஒரு குழந்தையை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் வர முடியாது என்றாலும், குத்துவிளக்கின் சுடரை நோக்கித் தவழ்ந்து போகும் குழந்தையைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது வியப்பாக இருக்காது.

அப்படியென்றால் அச்சம் எப்போது வருகிறது? பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் காஸ்தோன் பஷலார் 1938-இல் இதற்கு நுட்பமான ஒரு விடை சொன்னார். குழந்தை நெருப்பை முதலில் அறிவது சூட்டின் வழியாக இல்லை, தடையின் வழியாகத்தான் என்றார் அவர். விரல் சுடரைத் தொடுமுன்னே தந்தையின் கை வந்து தடுத்துவிடுகிறது. ஆகவே குழந்தையின் மனத்தில் நெருப்பு பொருளாகப் பதியுமுன் விலக்கப்பட்டதாகப் பதிந்துவிடுகிறது. நம் வீடுகளிலும் ‘சூடு, தொடாதே’ என்பது குழந்தை கேட்கும் முதல் கட்டளைகளில் ஒன்று.

ஆனால், பஷலாரின் பிரெஞ்சு வீட்டில் இல்லாத ஒன்று தமிழ் வீட்டில் இருக்கிறது. எண்ணெய்க் குளியல் முடிந்ததும் குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறோம். நடக்கத் தெரியாத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தீபாராதனைத் தட்டு வரும்போது அதன் கையைப் பிடித்துச் சுடருக்கு மேலே காட்டிக் கண்ணில் ஒற்ற வைக்கிறோம். அடுப்பங்கரையில் விலக்கப்பட்ட அதே நெருப்பு பூசை அறையில் அழைப்பாக மாறுகிறது. இது முரணாகத் தோன்றலாம். எனக்கு இது நல்ல தொடக்கமாகவே படுகிறது. எவ்வளவு தூரத்தில் கையை வைத்தால் இதமாக இருக்கும், எவ்வளவு நேரம் வைத்தால் சுடும் என்ற முதல் அளவையும், தாயின் கை தன் கையைப் பிடித்திருக்கும் பாதுகாப்பில், குழந்தை அங்கேதான் கற்கிறது. பெரும்பாலான வீடுகளில் பாடம் அங்கேயே நின்றுவிடுவதுதான் குறை.

கேள்வி கேட்டவரின் அம்மாவுக்குப் பாடம் நிற்கவில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு பெண் பிள்ளை என்னென்ன செய்தாள் என்று எண்ணிப் பாருங்கள். காய்ந்த ரப்பர்ச் சுள்ளிகளைப் பொறுக்கினாள். எது சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும், எது நின்று எரியும், எது புகையை மட்டும் கக்கும் என்று கையில் எடுத்த கனத்திலேயே கண்டுகொண்டாள். விறகை நெருக்கி அடைத்தால் அடுப்பு எரியாது, இடைவெளி விட்டால்தான் பற்றும் என்று பார்த்தாள். காற்று இல்லாமல் நெருப்பு இல்லை என்ற பாடம் நூலில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊதுகுழலால் அதை அறிந்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து கொட்டாங்குச்சியில் கங்கு வாங்கி வந்தாள். இரவில் கங்கைச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தால் விடியும்வரை உயிரோடு இருக்கும் என்றும் தெரிந்துகொண்டாள். கொஞ்சம் தள்ளிப் புகைக்கூடம் இருந்தது. அங்கே ரப்பர் ஷீட்டுகள் ஏறத்தாழ 40 முதல் 60 டிகிரி வெப்பத்தில் சில நாட்கள் தொங்கும். நெருப்பு தணிந்தால் ஷீட் காயாது, ஓங்கினால் கூடமே போய்விடும் என்பதால் நெருப்பை ஒரே அளவில் வைத்திருப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் அங்கே இருந்தார். சிறுவர்களின் விளையாட்டிலும் வெப்பம் இருந்தது. ரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்து, அடுத்தவன் கையில் வைத்து அலற வைக்காத தோட்டத்துப் பிள்ளை அபூர்வம். உராய்வு வெப்பத்துக்கு அதைவிடத் தெளிவான செய்முறையை நான் வகுப்பறையில் காட்டியதில்லை.

அவர் கங்கை விரலால் எடுப்பதில் மாயமும் இல்லை, முரட்டுத்தனமும் இல்லை. கரி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். சாம்பல் அதைவிட மெதுவாகக் கடத்தும். கங்கு சிவந்திருந்தாலும், அதை ஒரு கணம் மட்டும் தொடும் விரலுக்குள் அந்தக் கணத்தில் பாயும் வெப்பம் குறைவு. எந்தப் பக்கம் சாம்பல் பூத்திருக்கிறது, எவ்வளவு விரைவில் விட வேண்டும் என்று அவர் விரல்களுக்குத் தெரியும். தீமிதிப்பில் பூக்குழியைக் கடப்பவரின் பாதத்துக்கும் இதே இயற்பியல் துணை நிற்கிறது. அப்படிச் சொல்வதால் அவர் காத்த விரதத்துக்கோ பக்திக்கோ ஒரு குறையும் இல்லை. பிள்ளை கேட்டால் இரண்டையும் சொல்ல வேண்டும். அதோடு, குழியில் தயங்கி நிற்பவருக்கும் தடுக்கி விழுபவருக்கும் கடுமையான தீக்காயம் ஏற்படும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்க மானிடவியலாளர் டேனியல் ஃபெஸ்லர், மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் பெங்குலுவில் களப்பணி செய்தவர். அவர் 2006-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. நெருப்பு அன்றாடக் கருவியாக இருக்கும் சமூகங்களில் பிள்ளைகள் சின்ன வயதிலேயே அதன்மேல் ஆர்வம் கொள்கிறார்கள், பெரியவர்களைப் பார்த்தும் தாமே செய்தும் பழகுகிறார்கள், பிள்ளைப் பருவத்தின் நடுப்பகுதிக்குள் அதைக் கையாளும் திறமையைப் பெற்றுவிடுகிறார்கள். திறமை வந்தவுடன் ஆர்வம் தணிந்துவிடுகிறது. நெருப்பு மறைந்துபோன நவீன நகரங்களிலோ அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. ஆகவே ஆர்வம் நிறைவேறாமல் வளர்ந்த பின்னும் தொடர்கிறது. மனித இனம் பல லட்சம் ஆண்டுகளாக நெருப்போடு வாழ்ந்ததால், அதைக் கற்கும் வேட்கை குழந்தைப் பருவத்தில் இயல்பாகவே எழுகிறது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. இந்த வாதத்தின் பரிணாமப் பகுதியைப் பற்றி விவாதிக்க இடம் உண்டு. திறமை வந்ததும் மயக்கம் தணியும் என்ற பகுதி நான் கண்ட பிள்ளைகளோடு முழுக்கப் பொருந்துகிறது. தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் ஆய்வகத்தில் சாராய விளக்கை ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அடுக்குமாடிப் பிள்ளைகளோ சுடரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள், அல்லது நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். கேள்வி கேட்டவரின் தயக்கமும் அவர் மகனின் தேடலும் ஒரே பற்றாக்குறையிலிருந்து பிறந்த இரண்டு விளைவுகள் என்றுதான் நான் கருதுகிறேன்.

இதைச் சொல்லும்போது தோட்டத்து வாழ்க்கையைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. மண்ணெண்ணெய் விளக்கு கவிழ்ந்து எரிந்த லயங்கள் உண்டு. கொதிக்கும் சோற்றுப் பானையால் வாழ்நாள் வடு பெற்ற பிள்ளைகள் உண்டு. அடுப்புப் புகையில் இருமியே வாழ்ந்து முடித்த பெண்கள் எத்தனையோ பேர். அந்தக் கல்விக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. அந்த விலையைக் கொடுக்காமலே அந்த அறிவை நம் பிள்ளைகளுக்குத் தர முடியும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நகரத்தில் நெருப்பு எப்படி மறைந்தது என்பதற்குக் கோலாலம்பூரின் சொந்த வரலாறே சாட்சி. 1881 ஜனவரியில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன இந்த ஊரின் பெரும்பகுதி எரிந்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அதன் பிறகு சிலாங்கூர் ரெசிடென்டாக, அதாவது ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக, வந்த பிராங்க் சுவெட்டன்ஹம், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினார். அந்தத் தேவைக்காகச் செங்கல் அறுத்துச் சுட்ட இடம்தான் பின்னாளில் தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ். அன்று தொடங்கிய விலகல் இன்று முழுமை பெற்றிருக்கிறது. விறகடுப்பின் இடத்துக்கு மண்ணெண்ணெய் அடுப்பும், அதன் இடத்துக்குக் கேஸ் தோம்பும் வந்தன. இப்போது பல கொண்டோமினியங்களில் சுடரே இல்லாத மின் அடுப்புதான். தோட்டத்தில் சருகைக் கூட்டி எரித்தது அன்றாட வேலை; இன்று திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் குற்றம். மயானத்திலும் அப்படியே. மகன் பெட்டியின்மேல் கற்பூரம் ஏற்றி வைத்ததும் அது எரியூட்டும் அறைக்குள் போய்விடுகிறது, கதவு மூடிக்கொள்கிறது. நெருப்பு ஓர் உடலை என்ன செய்கிறது என்பதை அவன் பார்ப்பதில்லை.

எஞ்சியிருக்கும் கொஞ்ச நெருப்பையும் நாம் சமமாகப் பங்கிடுவதில்லை. பெண் பிள்ளைக்கு அடுப்பு, ஆண் பிள்ளைக்குப் பட்டாசு என்பதுதான் நம் வீடுகளின் எழுதாத சட்டம். பத்து வயதுப் பெண்ணை அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். அதே வயதுப் பையனை அடுப்பங்கரையிலிருந்து வெளியே விரட்டிவிட்டு, தீபாவளியன்று ஊதுபத்தியைக் கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்புகிறோம். அவள் நெருப்பைப் பொறுப்பாகக் கற்கிறாள். அவன் அதைச் சாகசமாகக் கற்கிறான். தீயோடு விளையாடி ஆபத்தை விளைவிக்கும் பிள்ளைகளில் பையன்களே அதிகம் என்று பல நாடுகளிலும் காணப்படுகிறது. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால், நாம் இப்படிப் பங்கிடுவதற்கு இதில் பங்கே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. 1991 மே மாதம் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைவில் வைத்திருக்கும் தலைமுறையும், பட்டாசு விஷயத்தில் பையன்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது.

கம்பி மத்தாப்பை எடுத்துக்கொள்வோம். தீக்குச்சியைத் தொடவே விடாத பெற்றோர், மூன்று வயதுக் குழந்தையின் கையில் அதைக் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கம்பியின் நுனி எரியும்போது 1,000 டிகிரிக்கு மேல் இருக்கும். தெறிக்கும் பொறிகளும் அதே அளவு சூடானவைதான். ஆனால், ஒவ்வொன்றும் தூசியளவே எடை கொண்டதால் கையில் பட்டாலும் பெரும்பாலும் சுடுவதில்லை. பொறி சுடாததைக் கண்ட குழந்தை, எரிந்து முடிந்து கறுத்துப்போன கம்பியை நம்பிக்கையோடு பிடிக்கிறது. காயம் அங்கேதான் நேர்கிறது. வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு என்ற பாடத்தை இடைநிலைப் பள்ளியில் பலர் வரையறையாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு தீபாவளி இரவில், வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொறி ஏன் சுடவில்லை, கம்பி ஏன் சுடுகிறது என்று ஐந்து நிமிடம் பேசினால் அது ஒரு நாளும் மறக்காது.

நெருப்பைப் பற்றிப் பிள்ளைகள் தாமாகவே கட்டிக்கொள்ளும் கருத்துகள் இன்னும் ஆழமானவை. சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே, சின்னஞ்சிறு பிள்ளைகள் அசைபவற்றுக்கு உயிர் இருப்பதாக நினைப்பதைப் பதிவு செய்தார். நெருப்பும் அந்த வரிசையில் சேரும். அது விறகைத் தின்கிறது, வளர்கிறது, சாகிறது. கொஞ்சம் வளர்ந்த பின், எரிந்தது இல்லாமல் போய்விட்டது என்ற கருத்து வந்து உட்காருகிறது. மெழுகுவத்தியில் எரிவது எது என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் திரியைத்தான் சொல்வார்கள். மெழுகு உருகித் திரியைத் தாங்குகிறது என்பார்கள். உண்மையில் எரிவது மெழுகின் ஆவி. சுடரை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், நெருப்பு அந்தப் புகை வழியாகத் தாவி இறங்கித் திரியைப் பற்றும். லண்டனில் 1860-ஆம் ஆண்டின் இறுதியில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கென்றே ஆற்றிய சொற்பொழிவுகள் முழுக்க ஒரு மெழுகுவத்தியைப் பற்றியவை. அவர் ஒரு கொல்லரின் மகன் என்பதை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். உலைக்களத்தின் அருகே வளர்ந்தவர் அவர்.

நம் பிள்ளைகளுக்கு மெழுகுவத்தியைவிடக் கற்பூரம் நெருக்கமானது. கற்பூரம் சாம்பலே மிச்சமின்றி எரிந்து போகிறது; ‘நான்’ என்பதும் அப்படிக் கரைய வேண்டும் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கத்தின் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால், அறிவியல் வகுப்பில் இதே காட்சி, எரிந்தால் பொருள் அழிந்துவிடும் என்ற எண்ணத்தை மிக வலுவாக ஊன்றிவிடுகிறது. கற்பூரம் எங்கும் மறையவில்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறி அந்த அறையிலேயே இருக்கிறது. எரியாத கரி, தட்டின் விளிம்பிலும் கருவறைச் சுவரிலும் கறுப்பாகப் படிகிறது. அதே போல், மூடிய படுக்கையறையில் சாம்பிராணிக்காகக் கரிக்கங்கை வைத்திருந்தால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு சேரும். பச்சைக் குழந்தை இருக்கும் அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தே புகை போட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். எரிந்தது போய்விட்டது என்று நம்பி வளர்ந்தவருக்கு இந்த ஆபத்து தோன்றாது.

அச்சம் தவறான இடத்தை நோக்கி நிற்பது இன்னொரு விளைவு. சுடரை மட்டுமே எதிரியாகக் கற்ற வீட்டில், மேசை விளிம்பில் கொதிக்கும் மைலோ இருக்கும், மின்கேத்தலின் வயர் தொங்கும், உடனடி மீ கிண்ணத்தைப் பிள்ளையே தூக்கிக்கொண்டு நடப்பான். சிறு குழந்தைகளின் தீக்காயங்களில் மிகப் பெரும் பங்கு சூடான நீர்மங்களால் ஏற்படுகிறது. 60 டிகிரி நீர் ஏறத்தாழ ஐந்து நொடியில் பெரியவரின் தோலையே ஆழமாகப் பொசுக்கும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. இங்கே இன்னொரு பாரம்பரியமும் கைமாறி வருகிறது. சுட்ட இடத்தில் பற்பசை, கிச்சாப், மஞ்சள் என்று நம் பாட்டிமார் தடவினார்கள், நாமும் தடவுகிறோம். இவை எல்லாம் வெப்பத்தை உள்ளே அடைத்து, புண்ணில் கிருமி சேரவும் வழி செய்யும். சுட்டவுடன் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் அந்த இடத்தில் ஓடவிட வேண்டும். பனிக்கட்டி வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி, குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மலேசியாவில் வளரும் பிள்ளைக்கு வாய்க்கும் ஒரு நற்பேற்றையும் சொல்ல வேண்டும். அது தன் வீட்டு நெருப்பை மட்டும் பார்த்து வளர்வதில்லை. பசித்த ஆவிகளின் மாதத்தில் சீனக் குடும்பங்கள் சாலையோரம் காகிதம் எரிக்கின்றன. அம்பாங்கில் ஒன்பது பேரரசர் விழாவில் அவர்களும் தணல்மீது நடக்கிறார்கள். நோன்பின் கடைசி இரவுகளில் மலாய்க் கம்பங்களில் பெலித்தா விளக்குகள் வரிசையாக எரிகின்றன, மூங்கிலில் லெமாங் என்னும் பசையரிசிச் சோறு வேகிறது. முன்னோர், கடவுள், விருந்து என மூன்று இனத்தாரும் நெருப்பிடம் ஒப்படைத்திருக்கும் வேலைகளைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கிறது. அந்தக் காட்சிகளை விளக்கிச் சொல்ல ஒரு பெரியவர் கூட இருந்தால் அதைவிடச் சிறந்த பாடசாலை இல்லை.

அதே பிள்ளைகள் புகைமூட்டத்திலும் வளர்ந்தவர்கள். 1997-இலும் 2015-இலும் சுமத்ரா, கலிமந்தான் காடுகளிலிருந்து வந்த புகையால் கோலாலம்பூரும் பினாங்கும் மூச்சுத் திணறின. 2015-இல் பள்ளிகளை மூடினார்கள். பாதி மக்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகத் தேங்கிய கரிசதுப்பு நிலத்து நெருப்பு பெரும்பாலும் சுடரின்றி மண்ணுக்கடியில் கனன்று வாரக்கணக்கில் நீடிப்பது. அந்தத் தலைமுறைக்குக் காட்டுத்தீ என்றாலே மூக்குக்கவசமும் மூடிய பள்ளியும்தான். எரிப்பது எல்லாமே தீமை என்ற முடிவுக்கு அவர்கள் வருவது இயல்பு. ஆனால் அது முழு உண்மை ஆகாது. அமெரிக்க வனத்துறை 1944 முதல் ஒரு கரடிச் சித்திரத்தை வைத்துக் காட்டுத்தீயைத் தடுக்கச் சொல்லிப் பல தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்தது. சிறு தீயைக்கூட உடனே அணைத்துவந்த கொள்கைக்கு அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகித் துணை நின்றார்கள். காட்டில் காய்ந்த விறகு குவிந்து, பின்னர் வந்த தீ பெருந்தீயாயிற்று. ராட்சத செக்வோயா மரத்தின் கூம்புகள் விரிந்து விதை உதிர்வதற்கே தீயின் வெப்பம் துணை செய்கிறது. வட ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளோ வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் சிறு தீயிட்டுப் பெருந்தீயைத் தடுப்பதைப் பிள்ளைகளைக் கூட அழைத்துச் சென்றே கற்பிக்கிறார்கள். சிறு வயதுப் பாடம் ஒரு நாட்டின் காடுகள்வரை போகும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

தீவிபத்தையே நேரில் கண்ட பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராது என்பது அவர்களுக்கு ஓரளவு பொருந்தும். புகை வாசனையோ சைரன் ஒலியோ பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களை நடுங்க வைக்கலாம். 2025 ஏப்ரல் முதல் நாள் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்தெழுந்த தீப்பிழம்பைத் தம் வீட்டு வாசலிலிருந்து கண்ட பிள்ளைகளுக்கு, ‘ஒன்றுமில்லை, மறந்துவிடு’ என்ற சமாதானம் உதவாது. நடந்ததை அவர்கள் வாயாலேயே சொல்ல விட வேண்டும். தூக்கம் கெட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், மருத்துவ உதவி தேவை.

இனி அந்த ஏழு வயது மகன். அவனுடைய தேடல் நோயன்று. பெரும்பாலும் கற்கும் வேட்கைதான். லைட்டரை ஒளிப்பது மட்டும் போதாது. இந்த வயதில் தீக்குச்சியின் சிறு சுடர் சில நிமிடங்களில் ஓர் அறையையே விழுங்கும் என்பதை மனத்தால் கணிக்க முடியாது. செயற்கை நுரை மெத்தையும் சோபாவும் நிறைந்த இன்றைய அறை, தீப்பிடித்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே முழுவதும் பற்றிக்கொள்ளக் கூடும். ஆகவே தனியாக நெருப்பைத் தொடக் கூடாது என்ற விதி உறுதியாக இருக்கட்டும். அதோடு, உங்களோடு சேர்ந்து தொடும் வாய்ப்பும் நிச்சயமாக இருக்கட்டும். மாலை விளக்கேற்றுவதை அவன் வேலையாக்குங்கள். தளர்ந்த சட்டைக் கையை மடிப்பது, குச்சியைத் தன் உடலிலிருந்து வெளிப்புறமாக உரசுவது, எரிந்த குச்சியைத் தண்ணீரில் போடுவது, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பொங்கலன்று விறகடுப்பு மூட்டும்போது பாட்டிக்குத் துணையாக அவனை நிறுத்துங்கள். அவர் கையில் இருக்கும் அறிவைக் கேட்டு வாங்க இந்தக் குடும்பத்தில் சரியான வயது அவனுக்குத்தான். பத்து வயதில் அடுப்பில் முட்டை பொரிக்கட்டும். சட்டி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அப்போது கற்கட்டும். ஆவியாகும் தண்ணீர் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து எரியும் எண்ணெயை வீசியடிக்கும். அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். பள்ளியில் தீயணைப்புச் சீருடை இயக்கம் இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

தப்பிப்பதையும் கற்பிக்க வேண்டும். தீயைக் கண்ட சிறு பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்வதைத் தீயணைப்பு வீரர்கள் நன்கு அறிவார்கள்; தீ வைத்தது தானாக இருந்தால் திட்டுக்கு அஞ்சி ஒளிவது இன்னும் அதிகம். ‘நீயே வைத்திருந்தாலும் திட்ட மாட்டேன், உடனே வந்து சொல், வெளியே ஓடு’ என்று அமைதியான ஒரு நாளில் சொல்லி வையுங்கள். புகை மேலே நிற்கும், தரையோடு தவழ வேண்டும் என்று விளையாட்டாகப் பழக்குங்கள். 2017 செப்டம்பரில் கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் 23 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், ஜன்னல் கம்பிகளைக் கடந்து வெளியேற முடியாமல் இறந்தார்கள். நம் வீடுகளின் இரும்புக் கதவுப் பூட்டுக்குச் சாவி எங்கே தொங்குகிறது என்று உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று இன்றே கேளுங்கள். 999 என்ற எண்ணும் முழு முகவரியும் அவனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். எச்சரித்த பிறகும் மறைந்திருந்து திரும்பத் திரும்பப் பற்ற வைத்தால், கோபம் வரும்போது தீயைத் தேடினால், அல்லது உயிரினங்களைச் சுட முயன்றால், அது ஆர்வத்தைத் தாண்டியது. அரசாங்கக் கிளினிக்கில் சொல்லிக் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் தயக்கத்துக்கும் வழி இருக்கிறது. அச்சத்தை ஒரேயடியாக விரட்ட முயல வேண்டாம். அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவர் செய்வதைப் பார்த்து, நீளமான அடுப்பு லைட்டரால் தொடங்குங்கள். லைட்டரின் சுடரை முதலில் பர்னர் அருகே கொண்டு போய், பிறகு திருகியைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டுத் தடுமாறும்போதுதான் வாயு சேர்ந்து ‘பக்’கென்று பற்றுகிறது. அந்தச் சத்தம்தான் பலருடைய கையைப் பின்வாங்க வைக்கிறது. தோம்பு வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். அதற்குக் கலந்திருக்கும் நாற்றம் வந்தால் மின் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்து, திருகியை மூடி வெளியேறுங்கள். ரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். சோப்பு நுரையைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். இந்தச் சோதனையை உங்கள் மகனையும் கூட வைத்துக்கொண்டு செய்யலாம்; குமிழி எழுகிறதா என்று பார்க்கும் வேலையை அவனிடம் கொடுங்கள்.